ஸ்ட்ரட் மாற்ற மூன்று வழிகள்: நடு நட்டை யார் கழற்றுவது?

காரின் முன்பக்க ஸ்ட்ரட்டை, அதாவது சுருள்வில்லும் (ஸ்பிரிங்) ஷாக் அப்சார்பரும் ஒன்றாகப் பூட்டிய தூணை, வீட்டிலேயே மாற்ற நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. கொக்கி வைத்த ஸ்பிரிங் கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை நெருக்கி, தேய்ந்த ஷாக் அப்சார்பரைத் தாமே மாற்றுவது முதல் வழி. ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போய், ஸ்பிரிங் வேலையை அங்கே முடித்து வாங்கி வருவது இரண்டாவது. ஸ்பிரிங், ஸ்ட்ரட்டின் உச்சியைக் காரோடு இணைக்கும் மேல் மவுண்ட் எல்லாம் பூட்டியே வரும் முழு ஸ்ட்ரட்டை வாங்கி மாட்டுவது மூன்றாவது. பலரும் செலவை வைத்தே ஒப்பிடுகிறார்கள். எனக்கு அளவுகோல் ஒரே ஒரு நட்.

ஸ்ட்ரட்டின் உச்சியில், பிஸ்டன் தண்டின் நுனியில் இருக்கிறதே, அந்த நடு நட். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் ஸ்பிரிங் முழுதாக விரிந்துவிடுவதில்லை. மேல் மவுண்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே நெருங்கியே நிற்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது இந்த நட்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் நெருக்கினால், அது திருப்பித் தள்ளும் விசை 3,750 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 380 கிலோ எடை. உள்ளே தேங்கும் ஆற்றல் 280 ஜூல். 28 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டுக்கொள்வது போல.

ஆகவே மூன்று வழிகளுக்கும் பொதுவான விதி ஒன்று: பானட்டுக்குள் நடு நட்டைச் சுற்றித் தெரியும் நட்டுகளைக் கழற்றலாம், அவை ஸ்ட்ரட்டைக் காரோடு பிணைப்பவை மட்டுமே. ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் நெருக்கிப் பிடிக்காத வரை நடு நட்டைத் தொடக்கூடாது.

முதல் வழியில் அந்த நட் நம் கையில்தான் அவிழ்கிறது. இரவல் வாங்கிய கம்ப்ரஸரோடு நானும் ஒருமுறை உட்கார்ந்தேன். ஒரு பக்கத் திருகை மளமளவென்று முறுக்கிவிட்டேன். மறுபக்கம் பாதிகூட ஏறவில்லை. சுருள்வில் நிஜமாகவே வில்லாய் வளைந்தது. ‘டிக்’ என்றொரு சத்தம். கொக்கி சுருளின் சரிவில் ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது. எழுந்து விலகி நின்றேன். பிறகு பக்கவாட்டிலிருந்து கால் கால் சுற்றாகத் தளர்த்தி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

கருவி மோசமானதல்ல, பொறுமை கேட்கிறது. கொக்கிகள் நேர் எதிரெதிரே, முடிந்த அளவு அதிகச் சுருள்களைக் கவ்வி நிற்க வேண்டும். மரைக்கு கிரீஸ் தடவி, பக்கத்துக்கு இரண்டு சுற்றாக மாற்றி மாற்றிக் கையால் முறுக்க வேண்டும். வேகமாக அடித்து முறுக்கும் இம்பாக்ட் துப்பாக்கி வைத்தால் மரை சூடாகி இறுகிவிடலாம். கம்ப்ரஸரில் பூட்டு ஊசி இருந்தால் போட்டே தீர வேண்டும். ஸ்பிரிங் தன் இருக்கையில் லொடலொடவென்று ஆடினால் மட்டுமே நடு நட். அப்போதும் முகம் ஸ்ட்ரட்டின் முனைக்கு நேரே இருக்கக்கூடாது. இன்னொரு குறையையும் யாரும் சொல்வதில்லை: கொக்கி ஸ்பிரிங்கின் பூச்சைக் கீறினால் அங்கே துரு பிடிக்கும், பின்னாளில் அதே இடத்தில் ஸ்பிரிங் முறியவும் கூடும்.

இரண்டாம் வழியில் பட்டறையின் நிலையான கம்ப்ரஸர் ஸ்பிரிங்கை நேராகப் பிடித்து நெருக்குகிறது. கண்முன்னே சில நிமிட வேலை. மேல் மவுண்ட் எந்தத் திசையில் இருந்தது என்று பெயின்ட்டால் குறித்துக் கொடுத்தால் போதும். சிக்கல், அதுவரை கார் வீட்டில் ஒரு பக்கம் தூக்கியபடியே நிற்கும்.

மூன்றாவதில் நடு நட்டின் பேச்சே இல்லை. ஆனால் எல்லாக் காருக்கும் முழு ஸ்ட்ரட் கிடைப்பதில்லை, கூடவே வரும் ஸ்பிரிங்கின் தரமும் நம் கையில் இல்லை. உயரம் மாறினால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்; அதனால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. நாள் முழுக்க நடக்கும் வேலையில் ஆபத்து அந்தச் சில நிமிடங்களில் குவிந்திருக்கிறது; அதை மட்டும் பிறர் கையில் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஸ்பிரிங்கும் துருவேறி, மவுண்டும் கடகடத்தால் மூன்றாவது.

எந்த வழியானாலும் ஜாக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவது ஸ்டாண்டு. சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே கை உள்ளே போகலாம். பிரேக் ஹோஸைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்கவும். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுகள் கழன்றதும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வெளியே சாய்ந்து, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டை இழுக்கும். அதற்கும் ஒரு கயிறு. வேலை முடிந்ததும் வண்டி நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்தக் கீழ் போல்ட்டுகளைத் தளர்த்தியபோதே பல கார்களில் கேம்பர் கோணம், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு, மாறியிருக்கும்.