ஈஸ்ட் ஈஸ்ட்ரோஜன் கிட்: சிவந்தால் சரி, சிவக்காவிட்டால்?

தண்ணீர் மாதிரியில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஈஸ்ட் கிட் ஒன்றைக் கொஞ்ச நாளாகப் பயன்படுத்துகிறேன். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இனம்தான். ஆனால் அதற்குள் மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) மரபணுவை வைத்திருக்கிறார்கள், ஏற்பியில் ஹார்மோன் ஒட்டியதும் ஒரு நொதி உருவாகி மஞ்சள் சாயத்தைச் சிவப்பாக்கிவிடும். ரூட்லெட்ஜ், சம்ப்டர் என்ற ஆய்வாளர்கள் 1996இல் எழுதிய முறையின் வழி வந்தது. 2018இல் வந்த ஐஎஸ்ஓ 19040-1 என்ற சர்வதேசத் தரமும் இந்த வகை ஈஸ்டுக்குத்தான்.

எனக்குப் பிடித்தது, இது பெயர் கேட்காது. வேதியியல் பகுப்பாய்வில் நாம் பட்டியல் கொடுத்த பொருள்களை மட்டும்தான் தேடும், இங்கே கருத்தடை மாத்திரையின் எத்தினைல் எஸ்ட்ரடையால், பிளாஸ்டிக் போன்றவற்றிலிருந்து வரும் நோனைல்ஃபீனால், பிஸ்ஃபீனால் ஏ எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பது எஸ்ட்ரடையாலுக்கு (உடலின் முக்கிய ஈஸ்ட்ரோஜன்) சமமான ஒரே எண்ணாக வந்துவிடும். யார் எவ்வளவு என்று அது சொல்லாது, அதற்கு மறுபடி வேதியியல் பகுப்பாய்வுக்குத்தான் போக வேண்டும். பிஸ்ஃபீனால் ஏ எஸ்ட்ரடையாலைவிடப் பல ஆயிரம் மடங்கு பலவீனமானது, எனவே நிறைய இருந்தாலும் எண்ணில் பெரிதாகத் தெரியாது.

தலைவலி, சோதனைத் தட்டில் சிவக்காத குழிகளில்தான். கழிவுநீரில் ஈஸ்டைக் கொல்லும் ஏதாவது இருந்தால் அது செத்துப்போய் மஞ்சளாகவே நிற்கும், ஏற்பியை அடைத்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருந்தாலும் அப்படித்தான், இரண்டையும் பார்த்துவிட்டு "தண்ணீர் சுத்தம்" என்று எழுதினால் தொலைந்தோம். கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரி. எனவே நீங்களே குழியின் கலங்கலைத் தனி ஒளி அலைநீளத்தில் அளந்து ஈஸ்ட் வளர்ந்ததா என்று பாருங்கள், அப்புறம் அதே மாதிரியில் தெரிந்த அளவு எஸ்ட்ரடையால் கலந்து இன்னொரு வரிசை போடுங்கள். அது சிவக்காவிட்டால் அந்த மாதிரியின் முடிவு செல்லாது.

கிட்டோடு வரும் பிளாஸ்டிக் குழாய்கள் எதற்கு என்றே புரியவில்லை. அவற்றில் வைத்த வெறும் நீரே லேசாகச் சிவந்தது, கண்ணாடிக்கு மாறியதும் நின்றது. 1991இல் ஆய்வாளர் ஆனா சோட்டோவின் குழு மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்தபோது நோனைல்ஃபீனால் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்வதைக் கண்டுபிடித்ததே ஆய்வகப் பிளாஸ்டிக் குழாயிலிருந்து அது கசிந்ததால்தான், அதற்கு இத்தனை வருஷம் கழித்துமா?

லூசிஃபெரேஸ் (ஒளி உண்டாக்கும் நொதி) வைத்த மனிதச் செல் கிட்கள் இதைவிட நுணுக்கமாகப் பிடிக்கும், பொருள்கள் உள்ளே போவதைத் தடுக்கும் ஈஸ்டின் செல்சுவர்த் தொல்லையும் இல்லை. ஆனால் செல் வளர்ப்பு வசதி வேண்டும், கிருமி புகுந்தால் எல்லாம் போச்சு. பிளேட் ரீடர் (தட்டின் குழிகளில் நிறத்தை அளக்கும் கருவி) மட்டும் உள்ள ஆய்வகத்துக்கு ஈஸ்டே போதும். ஆண் ஹார்மோன் பார்க்க வேண்டுமென்றால் ஆண்ட்ரோஜன் ஏற்பி உள்ள ஈஸ்ட் வேறு, அதைத் தனியாக வாங்குங்கள்.