"வீல்சேர் நண்பர்களுக்கும் கடல் கயாக்" என்று விளம்பரம் பார்த்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

11 வருடத்துக்கு முன் பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆனால் கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. கயாக் என்பது துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு. துடுப்புப் போடக் கைதானே வேண்டும்?

விபத்துக்குப் பிறகு கடலைக் கிட்டத்தில் பார்த்தது, மெரினாவில் 2022-ல் போட்ட மரப்பாதையில்தான். (திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயல் அதை உடைத்தது, பிறகு சரிசெய்தார்கள்.) அன்றைக்குப் பிடித்த ஆசை, ராமேஸ்வரம் பக்கம் ஒரு கயாக் குழுவிடம் கொண்டுபோய் விட்டது. பெயர் போடவில்லை, புகார் இன்னும் நடக்கிறது. ஆளுக்கு 4,500 ரூபாய். கழிப்பறையில் படி உண்டா, இருக்கையில் முதுகு சாய முடியுமா என்று போனிலேயே கேட்டேன். "எல்லாம் இருக்கு சார், நீங்க வந்தா மட்டும் போதும்."

போனோம். கழிப்பறைக்கு இரண்டு படி, உள்ளே இந்தியன் டாய்லெட், வாசல் என் வீல்சேரைவிடக் குறுகல். டியூப் போட்டு யூரின் எடுப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். காருக்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு சமாளித்தேன்.

மணலில் வீல்சேர் புதையும், அதற்குப் பலகையோ பெரிய சக்கர நாற்காலியோ வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டு பையன்கள் அக்குளிலும் முட்டியிலும் பிடித்து மூட்டை மாதிரித் தூக்கினார்கள். குதிகால் கயாக் விளிம்பில் உரசியது எனக்கு எப்படித் தெரியும்?

"விசேஷ இருக்கை" என்பது சாதாரண பிளாஸ்டிக் இருக்கைதான். சரிந்தேன். உடனே ஒரு பையன் நீல நைலான் கயிறை எடுத்து என் இடுப்பை இருக்கையோடு சேர்த்து முடிச்சுப் போட்டான். "விழாம இருக்கணும்ல சார்."

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக் கவிழ்ந்தால், லைஃப் ஜாக்கெட் நம்மைத் தூக்கி மிதக்க விடும். கட்டியிருந்தால் படகோடு தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான், ஜாக்கெட் இருந்தும் பயனில்லை. விஷயம் தெரிந்தவர்கள் உயரமான முதுகுச்சாய்வு வைப்பார்கள், இடுப்பின் இரு பக்கமும் ஸ்பாஞ்ச் அடைப்பார்கள், படகின் பக்கவாட்டில் மிதவை மாட்டுவார்கள். பட்டை போட்டாலும் ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும். அவிழ்க்கச் சொல்லி நான் கத்தினேன், கயாக்கை அதற்குள் தள்ளிவிட்டார்கள்.

மாதம் ஆடி. நாங்கள் இறங்கியது பாக் விரிகுடாப் பக்கம். அலை குறைவு என்பதால் அதைப் 'பெண் கடல்' என்பார்கள். மன்னார் வளைகுடா 'ஆண் கடல்'. தண்ணீர் தாம்பாளம் மாதிரிக் கிடந்தது. ஆனால் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) கரையிலிருந்து கடலுக்குள் வீசும். போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் வினை. ஆறரைக்குக் கிளம்புவதாகச் சொல்லி ஒன்பதரைக்கு இறக்கினார்கள், காற்று ஏறிவிட்டது. பின்னால் உட்கார்ந்த பையனும் நானும் முக்கால் மணி நேரம் துடுப்புப் போட்டும் கரை கிட்ட வரவில்லை. கடைசியில் ஒரு மீனவப் பெரியவர்தான் வள்ளத்தில் கட்டி இழுத்து வந்தார். கயிற்றைப் பார்த்துவிட்டு, "யாரு தம்பி உங்களை இப்படிக் கட்டுனது?" என்றார். அவரே கத்தியால் அறுத்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் குஷன் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அழுத்தத்தில் புண் வராமலிருக்க, வழக்கமாக இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வேன். கட்டிப் போட்டிருந்தால் எங்கே தூக்க? பிட்டத்தில் சிவப்பு, குதிகாலில் கொப்புளம். கொப்புளம் ஆற ஐந்து வாரம்.

பணம் கேட்டதற்கு, "கடல்ல இறங்கிட்டா ரீஃபண்ட் கிடையாது சார்." நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் வைத்த பிறகு 1,500 திரும்பி வந்தது. மிச்சத்துக்கு நுகர்வோர் ஆணையம் போகிறேன். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால் இருக்கையையும் கழிப்பறையையும் வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கவிழ்ந்தால் என்னை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று கேளுங்கள். "கவிழாது சார்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

இப்போது அவர்கள் விளம்பரத்தில் என் படம்தான் ஓடுகிறது, என்னைக் கேட்காமலே. "கனவை நனவாக்கினோம்" என்று எழுதியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இடுப்பில் நீலக் கயிறு தெரியும்.