பெரடாக்சினா, பிளாவோடாக்சினா?

மண்டபம் கடலோரத்தில் நுண்பாசி சேகரிக்கும் மாணவர்கள், எலக்ட்ரான் கடத்தும் இவ்விரு புரதங்களில் எதை ஆய்வுக்கு எடுப்பது என்று தயங்குகிறார்கள். இரண்டுமே ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைப் பெற்று, அடுத்த நொதியிடம் ஒப்படைப்பவை.

செலவு: பெரடாக்சினுக்கு இரும்பும் கந்தகமும் தேவை, பிளாவோடாக்சினோ ரைபோபிளாவினிலிருந்து (வைட்டமின் பி2) உருவாகும் மூலக்கூறைக் கொண்டு இயங்குவதால், இரும்பு குறைந்த கடல்நீரில் பல பாசிகள் அதற்கு மாறிவிடுகின்றன.

உறுதி: வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லில் பெருகும் நெருக்கடியில் பெரடாக்சின் எளிதில் சிதையும், பிளாவோடாக்சின் தாங்கும்.

தோற்றம்: இதில் பெரடாக்சினே சுவையானது. ஆக்சிஜனற்ற தொல்கடலில் இரும்பு தாராளமாகக் கரைந்திருந்ததால், அதற்கு வேண்டிய இரும்புக்கு அன்று பஞ்சமில்லை. சிறிய அமினோ அமிலத் தொடர் ஒன்று இரட்டித்தே இப்புரதம் உருவாகியிருக்க வேண்டும் என்று 1966இல் எக், டேஹாஃப் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் முன்மொழிந்தனர்.

பரிணாமம் பயில்வோருக்குப் பெரடாக்சின் பொருந்தும். பாசிகளின் இரும்புப் பற்றாக்குறையைக் கண்டறிய விரும்புவோர் பிளாவோடாக்சினை எடுக்கலாம். ஆனால் அது பூக்கும் தாவரங்களில் இல்லாததால், அவ்வகையைச் சேர்ந்த பாக் விரிகுடாக் கடற்புல்லில் தேடிப் பயனில்லை.