பந்து எங்கே? இங்கிலாந்துக் கால்பந்துக்கு மூன்று வானொலிகள்

சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை, சீசன் நாட்களில், பிரிட்டன் தொலைக்காட்சியில் கால்பந்து நேரலை கிடையாது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் போன்றவர்கள் விடாப்பிடியாக நின்று வாங்கிய ஏற்பாடு இது. பெரிய அணியின் ஆட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால், சின்ன ஊர் மைதானங்களில் ஈ காக்கை இருக்காது என்று பயந்தார்கள். ஆகவே மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காதவருக்கு வானொலிதான் கதி. ஆகஸ்ட் முதல் மே வரை எந்தக் குரலை நம்பி உட்காருவது என்பது எனக்குச் சின்னக் கேள்வியாகத் தெரியவில்லை.

போட்டியில் இருப்பவை மூன்று: பிபிசி ரேடியோ 5 லைவ், தனியார் நிலையமான டாக்ஸ்போர்ட், அந்தந்த ஊர்ப் பகுதிக்கான பிபிசி உள்ளூர் வானொலி.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். அதை 1927இலேயே செய்து வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரி 22 அன்று ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் மோதின. இங்கிலாந்தில் வானொலியில் நேரடியாக வர்ணிக்கப்பட்ட முதல் கிளப் கால்பந்து ஆட்டம் அது. 1-1 என்று முடிந்தது. வர்ணனையாளர் டெடி வேக்லம், முன்னாள் ரக்பி வீரர். 'ரேடியோ டைம்ஸ்' இதழ் மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்துப் படம் அச்சிட்டது. வேக்லம் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போக, பக்கத்திலிருந்து இன்னொரு குரல் பந்து நிற்கும் கட்டத்தின் எண்ணைச் சொன்னது. வீட்டில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு வேக்லம் தன் முதல் ரக்பி வர்ணனையைச் செய்தபோது, பார்வையற்ற ஒருவரை அருகில் உட்கார வைத்து, அவருக்குச் சொல்வதாக நினைத்துப் பேசச் சொன்னார்களாம். இதைவிட நல்ல பயிற்சியை என்னால் யோசிக்க முடியவில்லை. பந்து எங்கே, யாரிடம், எந்தப் பக்கமாகப் போகிறது, எத்தனை நிமிடம், யாருக்கு எத்தனை கோல். இந்த ஐந்தும் வந்து சேர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்த அளவுகோலில் 5 லைவுக்கு இணை இல்லை. நிலையம் 1994 மார்ச்சில் தொடங்கியது; அதன் வர்ணனை மரபு அதைவிட மிகப் பழையது. ஜான் மரேயைக் கேளுங்கள். நார்தம்பர்லாந்துப் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். குரலில் அவசரமே இருக்காது, ஆனால் பந்தை ஒரு நொடிகூடத் தவறவிடமாட்டார். வலது ஓரக்கோட்டை ஒட்டிப் பந்து உருளும்போதே தடுப்பாட்டக்காரர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பதும் காதில் விழுந்துவிடும். ஆட்டம் நின்றால், நிழல் மைதானத்தின் பாதிவரை வந்துவிட்டதை, மழை விளக்கொளியில் சாய்ந்து விழுவதைச் சொல்வார். இயன் டென்னிஸ் இன்னும் வேகம், இன்னும் கூர்மை. கோல் விழும் கணத்தில் அவர் குரல் ஏறும். ஏறும்போதும் சொற்கள் சிதையாது.

இவர்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1986 உலகக் கோப்பையில் மரடோனா இங்கிலாந்தின் தடுப்பைக் கிழித்துக்கொண்டு போட்ட இரண்டாவது கோலை வானொலியில் சொன்னவர் பிரையன் பட்லர். மரடோனா குட்டி விலாங்கு போலத் திரும்புகிறார் என்றார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கைப் பழமொழியிலேயே வைத்திருக்கும் நமக்கு அந்த உவமையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடிபட்ட அணி தன் சொந்த நாட்டு அணி என்பதை அந்தக் குரலில் தேடினாலும் கிடைக்காது.

இன்னொருவர் ஸ்வான்சியைச் சேர்ந்த பீட்டர் ஜோன்ஸ். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. நெரிசலில் 97 பேரின் உயிர் போனது. ஆட்டம் சொல்ல வந்தவர் அன்று மாலை சாவைச் சொல்ல வேண்டியதாயிற்று. பெரிய வார்த்தை எதையும் அவர் எடுக்கவில்லை. பணியாளர்கள் சின்னக் காகிதப் பைகளில் ரசிகர்களின் உடைமைகளைப் பொறுக்குவதையும், கிடந்த சிவப்பு வெள்ளைக் கழுத்துத் துண்டுகளையும் தொப்பிகளையும் சொன்னார். இப்போது வெயில் அடிக்கிறது என்று முடித்தார். கண்ணில் பட்டதை மட்டும் சொல் என்ற 1927இன் பாடத்தை அந்த நாளிலும் அவர் கைவிடவில்லை. அந்தப் பதிவை என்னால் இரண்டாவது முறை முழுதாகக் கேட்க முடியவில்லை.

ஆனால் 5 லைவின் எல்லாக் குரலும் ஒரே அச்சு என்று நினைக்க வேண்டாம். பெல்ஃபாஸ்ட்காரரான ஆலன் கிரீன் 2020 வரை பல பத்தாண்டுகள் அங்கே இருந்தார். ஆட்டம் மோசமென்றால் முகத்துக்கு நேரே மோசம் என்பார். பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. உப்புச்சப்பில்லாத 0-0 ஆட்டத்தைச் சுவையானது என்று என் தலையில் கட்ட அவர் ஒருநாளும் முயன்றதில்லை.

டாக்ஸ்போர்ட் வேறு வம்சம். 1995இல் தொடங்கிய டாக் ரேடியோ 2000இல் பெயரையும் முகத்தையும் மாற்றிக்கொண்டு விளையாட்டுக்கு வந்தது. அந்தக் கோடையில் ஐரோப்பிய நாட்டு அணிகள் மோதிய யூரோ போட்டிக்கு அவர்களிடம் உரிமை இல்லை. அதற்காக ஓய்ந்துவிடவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஹோட்டல் அறையில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி வர்ணித்தார்கள். கூட்டத்தின் இரைச்சலைத் தனியாகச் சேர்த்தார்கள். பிபிசி வழக்குப் போட்டது. நீதிபதி தடை விதிக்க மறுத்துவிட்டார். துணிச்சலை மெச்சுகிறேன். கேட்பவன் என்ற முறையில் ஏற்கமாட்டேன். கேமரா காட்டாத ஓட்டத்தைத் திரை பார்ப்பவரால் சொல்ல முடியாது. மைதானத்தில் உட்கார்ந்தவரால் முடியும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் வானொலி முன் உட்காருகிறோம்.

இன்று நிலைமை வேறு. முறையான உரிமையோடு மைதானத்தில் இருந்தே பேசுகிறார்கள். ஜிம் பிரவுட்ஃபுட் முதல் தரமான வர்ணனையாளர். அவரை எந்த நிலையத்தில் வைத்தாலும் கேட்பேன். 2020இல் ஐடிவி தொலைக்காட்சியின் முதன்மைக் குரலாக ஆன சாம் மேட்டர்ஃபேஸ் இங்கே பழகியவர்தான். முன்னாள் வீரர் ஆலி மெக்காய்ஸ்ட் இணை வர்ணனைக்கு வந்துவிட்டால், அவருடைய ஸ்காட்லாந்து உச்சரிப்பும் மகிழ்ச்சியும் வீட்டையே நிரப்பும். சூடு, வேகம், பக்கத்து இருக்கை நண்பரோடு பேசும் உணர்வு என்றால் டாக்ஸ்போர்ட்தான்.

என் தயக்கம் இணை வர்ணனையில் இருக்கிறது. அங்கே முன்னாள் வீரர்களுக்குப் பேச நிறைய இடம் தருகிறார்கள். கருத்து நீளும்போது பந்து எங்கேயோ போய்விடுகிறது. கூட்டம் திடீரென்று கத்துகிறது. கேட்பவனுக்குக் காரணம் தெரியாது. இந்த இடத்தில் ஜிம்மி ஆர்ம்ஃபீல்டு நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்து அணியின் முன்னாள் தலைவர், லீட்ஸ் அணியை 1975 ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை கொண்டுபோன மேலாளர், பிறகு பிபிசி வானொலியில் பல பத்தாண்டுகள். பந்து வெளியே போகும்வரை காத்திருப்பார். இரண்டே வாக்கியம். அதற்குள் தடுப்பில் எங்கே ஓட்டை விழுந்தது என்று புரிந்துவிடும். 2018இல் மறைந்தார். இன்று 5 லைவிலும் அவரைப் போலப் பொறுமை உள்ளவர்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சீசன் முழுவதும் ஒரே அணியைத் தொடர்பவர் என்னிடம் கேட்டால் உள்ளூர் வானொலியைத்தான் காட்டுவேன். இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் ஒரு சீசனுக்கு 380 ஆட்டங்கள். தேசிய நிலையங்கள் அதில் தங்களுக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். உள்ளூர் வர்ணனையாளரோ தன் அணியின் 38 ஆட்டத்துக்கும் போகிறார். அதற்குக் கீழே உள்ள பிரிவில் என்றால் 46.

சண்டர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 2017இல் பிரீமியர் லீக்கிலிருந்து விழுந்தது, மறு ஆண்டே மூன்றாம் பிரிவுக்கும் விழுந்தது. நான்கு சீசன் அந்தப் பள்ளத்தில் கிடந்தது. தேசிய நிலையங்களுக்கு அப்போது அது செய்தியே இல்லை. பிபிசி ரேடியோ நியூகாசிலின் நிக் பார்ன்ஸ் போய்க்கொண்டே இருந்தார், பக்கத்தில் அதே கிளப்பின் முன்னாள் வீரர் கேரி பென்னட். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பார்ன்ஸ் கையால் தயாரிக்கும் குறிப்பேடு பிரசித்தம்: அணிகளின் சட்டை நிறம், வீரர் விவரம், பழைய கணக்குகள் எல்லாம் வண்ணத்தில், ஓவியம் போல. ஓர் ஆட்டத்துக்கு அத்தனை உழைப்பு. 2025 மே மாதம் வெம்ப்ளியில் டாமி வாட்சன் கடைசி நேரத்தில் கோல் போட, சண்டர்லாந்து ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. கீழ்ப்பிரிவின் ஒவ்வொரு சனிக்கிழமையையும் கேட்டு வந்த காதுக்கு அந்த கோலின் எடை வேறு.

லெஸ்டரிலும் இதே கதை. 2015-16இல் யாரும் எதிர்பாராமல் அந்த அணி பட்டம் வென்றபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ரேடியோ லெஸ்டரின் இயன் ஸ்ட்ரிங்கர் அதற்கு முந்தைய சீசனில் அதே அணி கடைசி இடத்தில் தவித்ததையும் சொல்லியிருந்தார். பட்ட வருடத்தில் அவர் குரல் உடைந்தது எனக்கு நடிப்பாகப் படவில்லை.

உள்ளூர்க் குரல் ஒருதலைப்பட்சம் என்பார்கள். ஆம், பக்கம் சாயும். பெனால்டி தர மறுத்த நடுவரை எதிரணியின் கண்ணால் பார்க்காது. ஆனால் வலது பின்னாட்டக்காரர் மூன்று வாரமாக நொண்டுகிறார் என்பது அந்தக் குரலுக்குத்தான் தெரியும். அதன் உண்மையான குறை வேறு: ஊர் எல்லையைத் தாண்டி வண்டி ஓட்டினால் அலை தேய்ந்து, இரண்டாம் பாதி கரகரப்பில் கரைந்துவிடும்.

கடைசி நாளுக்கு மட்டும் நான் கட்சி மாறுவேன். மே மாதத்து அந்த ஞாயிறன்று பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். ஓர் ஊரின் கோல் இன்னோர் ஊரின் தலையெழுத்தை மாற்றும். மைதானம் மைதானமாகத் தாவிச் செய்தி சேர்க்க 5 லைவை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்குக் கைப்பேசிச் செயலியில் கேட்கமாட்டேன். இணைய ஒலி பல நொடி பின்தங்கி வரும், அதற்குள் பக்கத்து வீட்டுக் கூச்சல் கோலைச் சொல்லிவிடும். சமையலறை மேசையில் பழைய மத்திய அலைப் பெட்டி இருக்கிறது. முள்ளை 5 லைவின் அலைவரிசையான 909க்குத் திருப்பி, ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தால் போதும்.