பார்படாஸில் வில்லா வாடகைக்கு எடுக்கிறீர்களா? எந்த டாலர் என்று எழுதி வாங்குங்கள்

அட்வான்ஸாக நாங்கள் அனுப்பியது 5,200 அமெரிக்க டாலர். வீட்டைக் காலி செய்த பிறகு கணக்குப் பார்த்துத் திருப்பித் தந்தது 5,200 பார்படாஸ் டாலர். அதிலும் சுவருக்குப் பெயின்ட், சோபா கழுவியது என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை. ஒரு வருஷம் அந்தத் தீவில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

பார்படாஸுக்குத் தனி டாலர் உண்டு. இரண்டு பார்படாஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று 1975இலிருந்தே நிலையாக வைத்திருக்கிறார்கள். கடைகளில் பெரும்பாலும் இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள், மீதி மட்டும் உள்ளூர்ப் பணத்தில் வரும். சூப்பர் மார்க்கெட்டில் விலை உள்ளூர் டாலரில் இருக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்கான வில்லா விளம்பரங்கள் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருக்கும். இரண்டு பணத்துக்கும் போடுகிற டாலர் குறி ஒன்றுதான். ஊர்க்காரர்களுக்கு இதில் குழப்பம் கிடையாது, "யூஎஸ்ஸா, பிடிஎஸ்ஸா?" (பிடிஎஸ் என்றால் பார்படாஸ் டாலர்) என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். எங்கள் புரோக்கர் மட்டும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே காரியத்தை நடத்தினார்.

நாங்கள் போனது டொரன்டோவிலிருந்து. எனக்கும் மனைவிக்கும் லேப்டாப் இருந்தால் போதும் என்கிற வேலை. பார்படாஸ் அரசு 2020இல் தொடங்கிய வெல்கம் ஸ்டாம்ப் விசாவில் 12 மாதம் தங்கலாம். ஆண்டு வருமானம் 50,000 அமெரிக்க டாலராவது இருக்க வேண்டும். கட்டணம் தனி ஆளுக்கு 2,000, குடும்பத்துக்கு 3,000 அமெரிக்க டாலர், கட்டினால் திரும்ப வராது. அதைக் கட்டி, சாமான் தூக்கி, டிக்கெட் போட்டு வந்து இறங்கிய குடும்பம் வீடு சரியில்லை என்று மறுநாளே திரும்பிப் போகாது. இது புரோக்கருக்கு நன்றாகவே தெரியும்.

வீடு கிழக்குக் கரையில், பாத்ஷீபாவுக்கு மேலே ஒரு சரிவில். விளம்பரத்தில் குளம் மாதிரி அசையாத நீலக் கடலைக் காட்டி, நீந்த ஏற்ற கடற்கரை நடக்கிற தூரத்தில் என்று போட்டிருந்தார்கள். பாத்ஷீபா அட்லாண்டிக்கைப் பார்த்த கரை. சூப் பவுல் என்று அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து தேடி வருகிற இடம் அது. நீரோட்டம் ஆளை இழுத்துவிடும் என்பதால் ஊர்க்காரர்கள் பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் உட்கார்ந்து குளிப்பதோடு சரி. படத்தில் இருந்தது தீவின் மறுபக்கம், ஹோல்டவுன் பக்கத்துக் கடல்.

சர்காசம் பாசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2011இலிருந்து அட்லாண்டிக்கில் மிதந்து வந்து இந்தத் தீவுகளில் டன் கணக்கில் ஒதுங்குகிறது. பார்படாஸில் அடி வாங்குவது கிழக்கும் தெற்கும், மேற்குக் கரை பெரும்பாலும் தப்பித்துவிடும். கரையில் கிடந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகிய முட்டை நாற்றம். மனைவியின் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போனது. ஏசியின் செம்புக் குழாயும் அரித்தது. அந்த ரிப்பேர் செலவையும் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

தண்ணீர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீவின் பெரும்பகுதி பவளச் சுண்ணாம்புப் பாறை. பாத்ஷீபா இருக்கும் ஸ்காட்லாந்து டிஸ்ட்ரிக்ட் மட்டும் களிமண், மழைக்குச் சரியும். மண் சரிந்தால் குழாய் உடையும், குழாய் உடைந்தால் தண்ணீர் நிற்கும். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் "தண்ணீர் டேங்க் உண்டு" என்று எழுதிக் கொடுத்தவர்கள் அதற்கு மோட்டார் இணைப்பே கொடுக்காமல் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள்தான் தன் டேங்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார், போகிற போக்கில் கறிப்பலாவும் கொடுத்தனுப்புவார். அந்த ஊர் மனுஷர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

இனி கரன்ட் பில். வாடகையோடு கரன்ட் சேராது, மீட்டர்படி தனி என்றார்கள், நியாயம்தான். தீவில் மின்சாரம் விற்பது ஒரே ஒரு கம்பெனி. அதன் கட்டணத்தை ஃபேர் டிரேடிங் கமிஷன்தான் முறைப்படுத்துகிறது. எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் ஒரு தொகை ஏறி இறங்கும். ஆகவே பில் கூடக்குறைய வருவதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். புரோக்கர் பில்லைக் காட்டியதே இல்லை. மாதம் பிறந்தால் வாட்ஸாப்பில் ஒரு எண் வரும், 900 என்றோ 940 என்றோ. வாடகை போகும் அதே கணக்குக்கு, அமெரிக்க டாலரில் அனுப்பச் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போய் மீட்டரைப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. கீழ்த்தளத்தில் வார இறுதிக்கு ஆள் வைக்கும் ஒரு போர்ஷன் உண்டு, அங்கே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நீச்சல்குள மோட்டாரும் அதே மீட்டரில். அசல் பில் கொடுத்தால்தான் இனிப் பணம் என்று நின்றோம். பல நாள் இழுத்தடித்து ஒரு பிரதியை அனுப்பினார். அதில் இருந்த 900, பார்படாஸ் டாலர். கீழ்த்தளத்து ஏசிக்கும் சேர்த்து வந்த பில், அதையும் எங்களிடம் இரண்டு மடங்காக வாங்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "அலுவலகத்தில் புதுப் பெண் தவறுதலாக அனுப்பிவிட்டாள்" என்று பதில். மாதம் தவறாமல் நடந்த தவறுதல்!

அட்வான்ஸில் அதே வேலையைத் தலைகீழாகச் செய்தார்கள். ஒப்பந்தத்தில் வாடகை வரியில் அமெரிக்க டாலர் என்று தெளிவாக இருக்கிறது. அட்வான்ஸ் வரியில் வெறும் டாலர் குறி. இது பார்படாஸ் ஒப்பந்தம், வெறும் டாலர் என்றால் பார்படாஸ் டாலர்தான் என்கிறார் புரோக்கர். அப்படியானால் 5,200 அமெரிக்க டாலரை வாங்கிக்கொண்டபோது மீதிப் பாதியை ஏன் அன்றைக்கே திருப்பவில்லை? இதற்கு மட்டும் பதில் இல்லை. வாங்கும்போது அமெரிக்கா, கொடுக்கும்போது பார்படாஸ். ஓனர் லண்டனில் இருக்கிறாராம், அவரிடம் நேராகப் பேச எண் தரமாட்டார்களாம்.

பிரிட்ஜ்டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்து, வங்கிப் பரிமாற்றச் சீட்டு, பில் பிரதி, மீட்டர் வீடியோ எல்லாம் வைத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். நோட்டீஸ் போனதும் வித்தியாசத்தில் பாதியைத் தருகிறேன், பேசாமல் விட்டுவிடுங்கள் என்று தூது வந்தது. மறுத்துவிட்டோம்.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஒப்பந்தம் வந்தால் வாடகை, அட்வான்ஸ், பில் என ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் யூஎஸ் அல்லது பிடிஎஸ் என்று எழுதச் சொல்லுங்கள். இதற்குத் தயங்குகிற புரோக்கரிடம் மேலே பேச ஒன்றும் இல்லை. கரன்ட் பில் கம்பெனி அனுப்பும் வடிவத்திலேயே வர வேண்டும், அந்த மீட்டரில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். கிழக்குக் கரை வீடு என்றால் பாசி அதிகம் ஒதுங்கும் ஜூன், ஜூலையில் எடுத்த கடற்கரை வீடியோவைக் கேளுங்கள். ஜனவரிப் படம் எதற்கும் உதவாது.

நாங்கள் இருந்த வீட்டின் விளம்பரம் இன்னும் ஓடுகிறது, அதே மேற்குக் கடல் படத்தோடு. வாடகையை ஏற்றியிருக்கிறார்கள். நோட்டீஸுக்கு எழுத்துப்பூர்வமான பதில் வந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன்.