மாஸ்டரிங்குக்கு எதை அனுப்புவது: ஒரே ஸ்டீரியோ ஃபைலா, ஸ்டெம்களா?

டிராக்குகளை எல்லாம் சமன்செய்து சேர்க்கும் மிக்ஸ் முடிந்துவிட்டது. வெளியீட்டுக்கு முன் பாட்டின் ஒலிக்குக் கடைசி மெருகு கொடுக்கும் மாஸ்டரிங் எஞ்சினியருக்கு முழுப் பாட்டையும் ஒரே ஸ்டீரியோ ஃபைலாகக் கொடுப்பதா, டிரம்ஸ், பேஸ், மற்ற வாத்தியங்கள், குரல் என்று தனித்தனி ஃபைல்களாக, அதாவது ஸ்டெம்களாகப் பிரித்துக் கொடுப்பதா?

ஸ்டெம் கொடுத்தால் அவருக்கு வசதி அதிகம் என்பது உண்மைதான். குரலில் 'ஸ', 'ஷ' காதைக் குத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீரியோ ஃபைலில் அதை அடக்கப் போனால், அதே உயர் அதிர்வெண்ணில் ஒலிக்கும் ஹைஹாட்டும் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) சேர்ந்து மங்கும். ஸ்டெம் இருந்தால் குரலை மட்டும் தொடலாம்.

சிக்கல் மாஸ்டர் பஸ்ஸில், அதாவது எல்லா டிராக்குகளும் சேர்ந்து வெளியேறும் கடைசிச் சேனலில், இருக்கிறது. அங்கே சத்தம் ஏறும்போது அதைக் குறைக்கும் கம்ப்ரசர் போட்டு மிக்ஸ் செய்திருந்தால், கிக் டிரம் விழும் ஒவ்வொரு முறையும் அது குரலையும் சற்று அழுத்தியிருக்கும். குரலைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்யும்போது கிக்கும் இல்லை, அந்த அழுத்தமும் இல்லை. ஸ்டெம்களை மறுபடி சேர்த்தால் நீங்கள் கேட்டுக் கேட்டுச் சரிசெய்த பாட்டு வராது. சந்தேகமிருந்தால் எல்லா ஸ்டெம்களையும் ஃபேடர் 0-வில் (கூட்டாமல், குறைக்காமல்) வைத்து, ஸ்டீரியோ மிக்ஸின் போலாரிட்டியைத் திருப்பி (அலையின் மேட்டைப் பள்ளமாக்கி), ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், எதுவுமே கேட்கக்கூடாது. பல்லவி வரும்போது மட்டும் குரலின் நிழல் எட்டிப் பார்த்தால், கம்ப்ரசர்தான் காரணம்.

என் தேர்வு ஸ்டீரியோ ஃபைல். குரல் குத்துகிறது என்று தெரிந்தால், மிக்ஸ் செஷன் கையில் இருக்கும்போதே அங்கே போய்த் திருத்துவதுதான் சுத்தமான வேலை. சின்ன அறையில் மிக்ஸ் செய்து, பேஸ் எவ்வளவு இருக்கிறதென்றே நம்பிக்கை வரவில்லை என்றால் மட்டும் பேஸைத் தனியாகவும் மிச்சத்தைச் சேர்த்தும் இரண்டு ஸ்டெம்களாகக் கொடுக்கலாம்.

அப்புறம் லிமிட்டர், சத்தம் ஒரு எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி. அது நசுக்கிய பீக்கை (அலையின் உச்சியை) யாராலும் சரியாக மீட்க முடியாது. அதனால் எடுத்துவிட வேண்டும். ஆனால் எடுத்த கையோடு எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். லிமிட்டர் அடக்கி வைத்திருந்த ஸ்னேர் டிரம் இப்போது துருத்திக்கொண்டு நிற்கும். ஒருமுறை முழுதாகக் கேட்டு, லெவலைச் சரிசெய்து, பிறகு அனுப்புங்கள். லிமிட்டர் போட்ட ஃபைலையும் கூடவே கொடுங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் சத்தம் எது என்று அவருக்குப் புரியும். பாட்டின் குணத்துக்காகவே போட்ட கம்ப்ரசர் அப்படியே இருக்கட்டும்.

ஃபைலின் பிட் அளவு 24 பிட்டா, 32 பிட் ஃப்ளோட்டா என்பதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம். 24 பிட்டில் கோட்பாட்டளவில் மிகச் சன்னமான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 144 டெசிபல் இடம் இருக்கிறது. பீக் -3 டெசிபலில் நின்றாலும் -6-ல் நின்றாலும் ஒன்றுதான், உச்ச வரம்பான 0-வைத் தொடாத வரை. 32 பிட் ஃப்ளோட்டில் 0-வைத் தாண்டினாலும் லெவலைக் குறைத்தால் அலை முழுதாகத் திரும்பி வரும். மென்பொருள் அனுமதித்தால் அதையே அனுப்புங்கள். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) செஷனில் உள்ளதே இருக்கட்டும், 48 கிலோஹெர்ட்ஸை 44.1 ஆக்குவது அவர் வேலை. எம்பி3 வேண்டவே வேண்டாம்.

ஃபைலின் கடைசியில் ரிவெர்ப் (ஒலியின் எதிரொலி) முழுதாக அடங்கி, அதற்குப் பிறகும் ஓரிரு நொடி அமைதி இருக்கிறதா என்று ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.