காதால் படிக்கும் பாடம்: ஒலிக்கதைகள் இரண்டு கல்வியாண்டுப் பயன்பாட்டில்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலையும் அறிவியலையும் ஐந்தாறு நிமிட ஒலிக்கதைகளாகப் பதிவுசெய்து, காலாண்டு முதல் பொதுத்தேர்வு வரை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கதையை மட்டும் கேட்ட பிள்ளைக்குப் பாடம் முழுக்கத் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். வினாத்தாள் கைக்கு வந்ததும் பாதி காணாமல் போகும். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டு, பதிலைப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைத்த பதிவுகள்தாம் மார்ச் வரை தாங்கின.

இதற்குக் காரணம் உண்டு. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஒலிக்கதையும் அப்படித்தான். கேட்டுக்கொண்டே இருப்பது மறுவாசிப்பு, நிறுத்திச் சொல்லிப் பார்ப்பது சோதனை.

நம் ஊரில் இதற்கு வடிவம் தேடி எங்கும் போக வேண்டாம். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டுக்கொண்டே இடையில் ஒரு கேள்வியைச் செருகுவாரே, அது போதும். ஒற்றைக் குரலில் சொன்ன பதிவில் மூன்றாவது நிமிடத்திலேயே கவனம் கழன்றுவிடுகிறது. இரண்டு குரல் இருந்தால் ஆறு நிமிடம் தாங்கும். அதற்கு மேல் யார் பேசினாலும் தாங்காது. 1806-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வேலூர்ப் புரட்சிப் பதிவில் ஒரு துண்டு இப்படிப் போகும்:

"ஏன்க்கா, ஒரு தலைப்பாகைக்காகவா இவ்ளோ பெரிய சண்டை?"

"அது மட்டும் இல்லடா. நெத்தியில சாதி, மதக் குறி இருக்கக் கூடாது. காதுல கடுக்கன் கூடாது. தாடியை எடுக்கணும். இதெல்லாம் போதாதுன்னு புதுத் தலைப்பாகையில தோல்ல செஞ்ச குஞ்சம் வேற. சரி, அந்தத் தலைப்பாகையோட பேர் என்ன? சொல்லு பார்ப்போம்."

இங்கே எட்டு விநாடி அமைதி. பிறகுதான் "அக்னியூ தலைப்பாகை" என்று பதில் வரும். எட்டு விநாடி, பதிவு செய்கிறவருக்கு ஒரு யுகம் போல இருக்கும். பொறுமை இல்லாமல் மூன்றில் முடித்துவிட்டால் பிள்ளை யோசிக்காது, பதில் வரட்டும் என்று காத்திருக்கப் பழகிவிடும். ஒரு பதிவுக்கு இப்படி நான்கு நிறுத்தம் போதும்.

இந்த அமைதியை விழுங்கும் எதிரிகள் இரண்டு. சில பாட்காஸ்ட் செயலிகளில் 'அமைதியைத் தாண்டு' என்று ஒரு வசதி இருக்கும். அது இயங்கினால் நிறுத்தம் மொத்தமும் போய்விடும், எனவே அமைப்புக்குள் போய் அணைத்துவிட வேண்டும். இன்னொன்று வேகம். வாட்ஸாப்பில் 1.5 மடங்கு வைத்துக் கேட்டால் எட்டு விநாடி ஐந்து விநாடிக்குச் சற்று மேலாகச் சுருங்கும், 2 மடங்கில் நான்குதான். பிள்ளைகள் வேகத்தைக் கூட்டத்தான் செய்வார்கள், தடுக்க முடியாது. அதனால் அமைதிக்குப் பதில் "நிறுத்து பொத்தானை அழுத்திட்டுப் பதிலைச் சத்தமா சொல்லு" என்று குரலிலேயே சொல்லி வைப்பது மேல்.

எழுத்துப்படியில் நடக்கும் தவறுகள் வேறு ரகம். கதைக்குச் சுவை கூட்ட 'முத்து' என்று ஒரு சிப்பாயை உருவாக்கினால், ஐந்து மதிப்பெண் விடையில் "முத்து என்ற சிப்பாய்" என்று எழுதிவிட்டு வருவார்கள். கற்பனைப் பாத்திரத்துக்குப் பெயரே வைக்கக் கூடாது. 'காவல் சிப்பாய்' என்றால் போதும். பெயர் வருவதெல்லாம் பாடநூலில் இருக்கும் பெயராக மட்டும் இருக்கட்டும்: கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, அரசராக அறிவிக்கப்பட்ட திப்புவின் மகன் ஃபதே ஹைதர். முந்தைய நாள் நடந்த திப்பு மகளின் திருமணத்தை மேளதாளம், விருந்து என்று விரிக்கக் கை அரிக்கும். விரித்தால் பிரியாணி வாசனை மட்டும் நினைவில் நிற்கும், புரட்சிக்கான காரணங்கள் விடுபட்டுவிடும். வினாவில் வராத எதையும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஓட விடாதீர்கள்.

ஆண்டுகளில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒரு பதிவுக்கு மூன்று ஆண்டுகள், அதற்கு மேல் கூடாது. 1799 கட்டபொம்மன் கயத்தாறில், 1801 மருது சகோதரர்கள் திருப்பத்தூரில், 1806 வேலூர் என்று ஆண்டும் ஊரும் சேர்ந்து வந்தால் ஒட்டிக்கொள்ளும். ஏழெட்டு ஆண்டுகளை ஒரே கதையில் திணித்த பதிவுகளைக் கேட்டவர்கள் காலக்கோட்டு வினாவில் எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போட்டார்கள்.

பெரிய சிக்கல் ஒன்று தமிழில் உண்டு. கதை பேச்சுத் தமிழில் இருந்தால்தான் காதில் நிற்கும். விடைத்தாளோ எழுத்துத் தமிழைக் கேட்கும். "கொன்னுட்டாங்க" என்று கேட்ட பிள்ளை அப்படியே எழுதாவிட்டாலும், வாக்கியத்தை மாற்றத் தடுமாறி நேரத்தை விடும். ஆகவே கடைசி ஒரு நிமிடம் குரல் மாறி, அதே செய்தியைப் பாடநூல் நடையில் ஐந்தே வாக்கியங்களில் சொல்ல வேண்டும்: "புதிய இராணுவ விதிமுறைகள் சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தின." இந்த நிமிடம் இல்லாத பதிவைத் தேர்வுக்கு நம்ப வேண்டாம். எழுத்துப்பிழை அப்போதும் தீராது. ல, ள, ழ வேறுபாட்டைப் பலர் உச்சரிப்பிலேயே விட்டுவிடுகிறோம், அப்புறம் காது எதைக் கற்றுக்கொள்ளும்? ஒவ்வொரு பதிவுக்கும் எட்டுச் சொற்கள் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, கேட்டு முடித்ததும் பார்க்காமல் எழுதச் சொன்னால்தான் பெயர்கள் சரியாக வருகின்றன.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவரவில்லை. வரலாறு முதல் தரம். உயிரியலில் பயணமாகச் சொல்லக்கூடிய இடங்கள் அருமை: ஒரு துளி இரத்தம் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறையான ஏட்ரியத்துக்கு வந்து, மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறையான வெண்ட்ரிக்கிள், அங்கிருந்து நுரையீரல், திரும்பி இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடுகிறது என்ற, எல்லோரும் வழுக்கும் இடம்கூடக் கதையில் நன்றாகப் பதிகிறது. ஆங்கிலத் துணைப்பாடம் ஏற்கெனவே கதைதான். வாக்கியங்களை வரிசைப்படுத்தும் வினாவுக்கு இதைவிட எளிய வழி இல்லை. குடிமையியலும் பொருளியலும் சுமார். வரைபடம், கணக்கு, வேதிச் சமன்பாடு ஆகியவற்றை ஒலியில் முயல்வது வீண் வேலை. செய்யுள் மனப்பாடத்துக்குக் கதை வேண்டாம், சீர் பிரித்து ஓசையோடு ஓதிய பதிவே போதும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவர்களுக்கு எல்லாப் பாடமும் ஒலியில் வேண்டும், விடையை வாய்விட்டுக் கோவையாகச் சொல்லும் பயிற்சியும் சேர்த்து.

பதிவுக்குக் கைப்பேசியே போதும். ஆறு நிமிடத்துக்கு ஏறக்குறைய 550 சொற்கள். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' வரும்போது காற்று அடிக்காது. மின்விசிறியை அணைத்தே ஆக வேண்டும்; பாதிப் பதிவுகளைக் கெடுப்பது அதுதான். அரையாண்டு நேரம் மார்கழியில் வருவதால் விடியற்காலைப் பதிவைக் கோயில் ஒலிபெருக்கி விடாது. பேசத் தொடங்கும் முன் ஐந்து விநாடி சும்மா இருந்தால், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த இடத்தை மாதிரியாகக் காட்டி இரைச்சலைக் குறைக்கலாம். அதிகம் குறைத்தால் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும், கவனம்.

எழுத்தைத் தானே வாசிக்கும் எந்திரக் குரலையும் முயன்றாயிற்று. தமிழில் pa ஒலிக்கும் ba ஒலிக்கும் 'ப' என்ற ஒரே எழுத்து என்பதால் பென்டிங் (Bentinck) போன்ற பெயர்களை அது ஊகித்துத்தான் வாசிக்கிறது, தவறும்போது பிள்ளையும் தவறாகவே பிடித்துக்கொள்கிறது. சுருக்கக் குறிகளிலும் இடறும். கேள்விப் பகுதிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

கோப்பை எம்பி3 ஆக, ஒற்றைத் தடத்தில் (மோனோ), விநாடிக்கு 64 கிலோபிட்டில் வைத்தால் ஆறு நிமிடம் மூன்று எம்பிக்குள் அடங்கும். பொத்தான் போனிலும் ஓடும். வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், அப்போதுதான் பெயர் நிற்கும். பெயரில் 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடவும். இல்லாவிட்டால் பல கருவிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

பாடம் நடத்திய அன்று மாலை ஒருமுறை, மூன்றாம் நாள், பத்தாம் நாள், பிறகு ஒவ்வொரு திருப்புதல் தேர்வுக்கும் முன் ஒருமுறை. படுக்கையில் கேட்பது தாலாட்டாகிவிடுகிறது. பேருந்தில் கேட்கலாம், சத்தமாகப் பதில் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதால் உதடசைத்தாலும் பரவாயில்லை. பிப்ரவரிக்குப் பிறகு முழுக்கதையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பதிவிலிருந்தும் நான்கு கேள்விகளையும் கடைசி நிமிடத்தையும் மட்டும் வெட்டி இரண்டு நிமிடக் கோப்பாக்கிக் கொடுத்தோம். தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளைகள் தாமாகவே போட்டுக் கேட்டது அதைத்தான்.